ஒரே சுவரில் பத்து போஸ்டர் எதற்கு?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், தேர்தல் நேரத்தில் ஒன்று கண்ணில் படும். ஒரே போஸ்டர், வரிசையாகப் பத்து. பசைக்கும் காகிதத்துக்கும் பிடித்த கேடு என்று தோன்றும். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது.

பஸ் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே விநாடிக்கு 8 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஒரு போஸ்டருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. கண்ணோ ஒரே ஓட்டமாகப் படிப்பதில்லை. தாவித் தாவி நிற்கிறது, ஒவ்வொரு நிற்றலும் ஏறக்குறைய கால் விநாடி. அப்போதும் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு இடம்தான். பத்து மீட்டர் தள்ளி நின்று எழுத்தைப் பிரித்தறிய, நல்ல பார்வை உள்ளவருக்கே அது ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். மூன்று சுழி ‘ண’வுக்கு அதுவும் போதாது. அடியில் பொடி எழுத்தில் வரும் நிர்வாகிகள் பட்டியல், அந்த நிர்வாகிகள் படிப்பதற்காகவே போடப்படுவது.

முகம் அப்படியில்லை. கண்ணில் பட்டுச் சுமார் 170 மில்லி விநாடிக்குள் மூளையில் முகத்துக்கான மின்சமிக்ஞை எழுந்துவிடும். தெரிந்த முகம் என்றால், மங்கலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். தெரியாத முகமோ, இரண்டு படம் தெளிவாகக் காட்டினாலும் ஒரே ஆளா என்று தடுமாறுவோம். வேட்பாளர் பக்கத்தில் தலைவர் படம் வருவது வெறும் விசுவாசம் மட்டுமல்ல.

1989-இல் போலந்தில் நடந்ததும் இதுதான். கம்யூனிஸ்ட் ஆட்சி ஓரளவு சுதந்திரமான தேர்தலுக்கு இறங்கிவந்தது. ஜூன் 4 வாக்குப்பதிவு. ஆட்சியை எதிர்த்து நின்ற சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் வேட்பாளர்களில் பலரை மக்களுக்குத் தெரியாது. வாக்குச்சீட்டிலோ வேண்டாதவர் பெயர்களை அடிக்க வேண்டும், அதனால் வேண்டியவர் பெயர் மனதில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த இயக்கத் தலைவர் லெக் வலேசாவுடன் வேட்பாளர்கள் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள், அது போஸ்டரானது. நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 100 இடங்களில் 99 அவர்களுக்கு. மக்களின் கோபம்தான் பெரிய காரணம், சரி. ஆனால் கோபத்துக்கு யார் பெயரை விட்டுவைப்பது என்று காட்டியது போஸ்டர். டோமாஷ் சர்னெட்ஸ்கி வரைந்த இன்னொன்றில் ஒரு கௌபாய் நடிகர் நடந்துவருவார், கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு. ஒரு முகம், ஒரு தேதி. பஸ் ஜன்னலுக்கு அது போதும்.

அப்புறம் அந்தப் பத்து. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த உளவியலாளர் ராபர்ட் ஸயான்ட்ஸ், 1968-இல் பொருளற்ற சொற்களையும் முன்பின் தெரியாதவர்களின் படங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரே ஒரு தடவை, சிலவற்றை 25 தடவை வரை. அதிகம் பார்த்தது அதிகம் பிடித்தது. பழகியதை மூளை சிரமமில்லாமல் உள்வாங்குகிறது; அந்தச் சுலபத்தையே பிடித்தம் என்று எடுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பஸ்ஸில் போகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: முதல் போஸ்டரில் முகம், மூன்றாவதில் சின்னம், ஆறாவதில் பெயர் என்று தாவுகிற கண் பிடித்துவிடும்.

ஏற்கெனவே பிடிக்காத முகம் என்றால் மட்டும் கணக்கு மாறும். அதைத் திரும்பத் திரும்பக் காட்டினால் வெறுப்புதான் கூடும். பத்தாவது போஸ்டர் எதிராளிக்கு ஒட்டியதாகிவிடும்.