‘அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க’

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. நெல்லை சந்திப்பு பேருந்து நிலையம் குளமாகிக் கிடந்தது. பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. இங்கே நாங்கள் மொட்டைமாடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற குரலையே திரும்பத் திரும்பக் கேட்டவர்களைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் அவர்களில் சிலர் பதட்டத்தோடு என்னிடம் வந்தபோதுதான் யோசித்தேன்.

நான் பாளையங்கோட்டையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சைதான் என் வேலை. கீழே வருகிறவர் ஒரே ஆள் இல்லை. மூன்று பேருடைய கதையைக் கலந்து, வேலையையும் ஊரையும் மாற்றி எழுதுகிறேன்.

மேலப்பாளையத்துத் தம்பி என்று வைத்துக்கொள்வோம். முப்பதை ஒட்டிய வயது, ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். வெள்ளத்தில் இரண்டு நாள் வீட்டோடு தொடர்பு இல்லை. மூன்றாம் நாள் லைன் கிடைத்ததும் உம்மா, “எல்லாரும் நல்லா இருக்கோம் வாப்பா, நீ வேலையப் பாரு” என்றார். உண்மையில் தம்பியின் வாப்பா (அப்பா) அன்று காலைதான் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள், வீட்டுக்கும் கூட்டி வந்தார்கள். மகனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கூட்டாளி, “வாப்பா இப்ப எப்படில இருக்காவ?” என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் தம்பிக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி அவருக்கு நெஞ்சு அடைத்தது. கை மரத்துப்போனது, வேர்த்துக் கொட்டியது. வாப்பாவுக்கு வந்ததே நமக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார். ரூம்மேட்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல், “கேஸ் ட்ரபிள்” என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு தடவை.

இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். தமிழில் ‘திடீர் பீதி’ என்று எழுதுகிறோம்; ஆனால் நம் ஆட்கள் யாரும் ‘பீதி’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “நெஞ்சு படபடன்னு அடிக்கு”, “ஒரு மாதிரி வருது”, “உசிரு போற மாதிரி இருக்கு” என்றுதான் வருவார்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும். ஆளைக் கொல்லாது. ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி வந்தவர் இதைப் படித்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. இதயத்தையும் தைராய்டையும் ரத்தசோகையையும் ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் கதவைத் தட்ட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான் வரும்.

தம்பியோடு முதல் மூன்று வாரம் ஜூமில்தான். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பது வளைகுடா வீடுகளுக்குத் தெரியும். வீட்டுக்கு போட்டிம் என்ற ஆப், எனக்கு ஜூம். எட்டுப் பேர் தங்குகிற ரூமில் அவருக்கு இருந்தது ஒரு பெட் ஸ்பேஸ். அந்தரங்கமாகப் பேச இடம் இல்லை. கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, யாராவது ஏறி வந்தால் “சரிங்க அக்கா” என்று பேச்சை மாற்றுவார். நானும் அக்காவாகிவிடுவேன். சிகிச்சை அறை என்றால் சோபாவும் பூச்செடியும் என்று நினைப்பவர்கள் அந்தப் படிக்கட்டை ஒருநாள் பார்க்க வேண்டும்.

அடுத்து அவர் லீவில் வந்தார். இங்கே என் எதிரே உட்காரவைத்து ஒரு சோதனை செய்தோம். ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னேன். நாற்பதாவது விநாடியில் தலை சுற்றியது, விரல் நுனி மரத்தது, நெஞ்சு இறுகியது. கண்ணை அகலத் திறந்து, “மேடம், இதேதான்! அதே சாமான்தான்!” என்றார். காரணம் எளிது. பயத்தில் தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கிக் கிறுகிறுப்பு வருகிறது; ரத்தத்தின் அமிலத்தன்மை குறைவதால் விரல்கள் மரத்துப்போகின்றன. மாரடைப்புதான் என்று மனம் அதைப் படிக்கிறது. பயம் கூடுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. இப்படி ஒரு வட்டம். உடம்பின் சாதாரண அறிகுறியைப் பேராபத்தாகத் தப்பாகப் படிப்பதுதான் பேனிக்கின் மையம் என்று இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் எழுதினார். இன்று பேனிக்குக்கு நாங்கள் செய்யும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுவழிச்) சிகிச்சையில் பெரும்பகுதி அதன் மேல் கட்டியதுதான். (டாக்டர் இதயத்தைப் பார்த்த பிறகு, சிகிச்சையாளர் கூட இருக்கும்போது செய்கிற சோதனை இது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.)

மூச்சு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது. தினமும் ஏழெட்டு கரக் டீ (வளைகுடாவின் ஸ்ட்ராங் டீ) குடித்துக்கொண்டிருந்தவர் இரண்டாகக் குறைத்தார், அதுவும் உதவியது. எங்களுக்குத் தண்ணி காட்டியது போன்தான்.

தம்பி ஒரு நாளைக்கு ஆறு தடவை வீட்டுக்குக் கூப்பிடுவார். உம்மா எடுக்காவிட்டால் அடுத்த வீடு, அதுவும் இல்லையென்றால் தெருமுனை மளிகைக்கடை. உம்மா குரலைக் கேட்டதும் நெஞ்சு லேசாகும். அரைமணி நேரத்தில் அடுத்த சந்தேகம்: ‘நல்லா இருக்கோம்னுதானே அன்னைக்கும் சொன்னாங்க?’ ஒவ்வொரு அழைப்பும் அந்த நேரத்துப் பயத்தைத் தணித்து, அடுத்த பயத்துக்குச் சாப்பாடு போட்டது. எங்கள் பாடப் புத்தகங்களில் ‘உறுதிதேடல்’ என்று இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் தம்பியின் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருந்தது. அவரிடம் மறைத்தது உண்மை. அந்த வீட்டில் ‘நல்லா இருக்கோம்’ என்ற சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது. இதை மகனுடைய நோயாக மட்டும் பார்த்து நான் சிகிச்சை செய்திருந்தால் தோற்றிருப்பேன்.

நம் பக்கத்தில் இது ஒரு பழக்கம். அங்கே தனியா இருக்கான், கேட்டா துடிச்சுப் போவான், அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க. மகனும் லேசுப்பட்டவர் இல்லை; மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனதை உம்மாவிடம் மூச்சு விடவில்லை. இரண்டு பக்கமும் பாசத்தில் பொய் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் குரலில் ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடிக்கிறார்கள். பாட்டி இறந்து நாற்பதாம் நாள் முடிந்த பிறகு சேதி தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். துக்கத்தை விட, அந்த நாற்பது நாளும் போனில் தன்னோடு சிரித்துப் பேசினார்களே என்பதுதான் அவளை உலுக்கியது.

ஆகவே உம்மாவை வரச் சொன்னேன். “எனக்கு என்ன சீக்கு?” என்று கோபித்துக்கொண்டுதான் வந்தார். ஓதிப் பார்த்தாகிவிட்டது, பொட்டல்புதூர் தர்காவுக்கும் போய் வந்தாகிவிட்டது, இதற்கு மேல் நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். போவதை நிறுத்த வேண்டாம், இதையும் கூடவே செய்யலாம் என்றேன். கோயிலோ தர்காவோ சர்ச்சோ, யாரையும் நான் தடுப்பதில்லை. வலிப்பு, மாரடைப்பு போன்றவற்றுக்கு டாக்டரைப் பார்க்காமல் காலம் கடத்தினால் மட்டும் சண்டை போடுவேன்.

குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டோம். யாருக்காவது ஆஸ்பத்திரிப் படுக்கை என்றால் அன்றைக்கே தம்பிக்குச் சேதி போக வேண்டும். சொல்ல வேண்டியவர் சாச்சா (சித்தப்பா). அவர் அழாமல் பேசுவார். பதிலுக்குத் தம்பி, நம் நேரப்படி மாலை ஏழரைக்கு, அவருக்கு ஆறு மணி, ஒரு தடவை மட்டும் கூப்பிடுவார். இடையில் கை துறுதுறுத்தால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுவார். பிறகு அரைமணி, பிறகு ஏழரை வரைக்கும். முதல் வாரம் அவருக்கு நரகம். உம்மாவுக்கு அதைவிடப் பெரிய நரகம். மகன் கூப்பிடவில்லை என்று அவர் இங்கிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

லீவு முடிகிற சமயத்தில் சொந்தக்காரர்கள், “ஏல, பேசாம ஊருக்கு வந்திருல, எல்லாம் சரியாயிரும்” என்றார்கள். எல்லோருக்கும் சரியாவதில்லை. தம்பிக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்ட அன்றே இங்கேயே, சொந்த வீட்டுத் திண்ணையிலேயே, அட்டாக் வந்தது. பயந்து ஓடிவந்த இடம் எவ்வளவு பழகிய ஊராக இருந்தாலும், ஓடி வந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும்.

சிலருக்கு வந்துவிடுவதுதான் சரி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் சம்பளம் இல்லை என்றால் அந்தப் பதட்டத்துக்கு என்னிடம் மூச்சுப்பயிற்சி கேட்கக் கூடாது. அங்கே தேவை தூதரகம், வெளியுறவுத் துறையின் ‘மதத்’ புகார் இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. அநியாயத்தைக் கண்டு நடுங்குவது நோய் இல்லை.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது அவசரம். இங்கிருந்து யாராவது கிளம்பினால் அல்வா, கருவாடு, ஊறுகாயோடு ஒரு பட்டை தூக்க மாத்திரையும் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அல்ப்ராசோலம், க்ளோனாசெபாம் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நோயாளியே கொண்டுபோனாலும் அந்நாட்டு அரசின் முன்அனுமதியும் டாக்டர் சீட்டும் வேண்டும். அடுத்தவர் பெயருக்கு எடுத்துப்போய் விமான நிலையத்தில் மாட்டினால், பதட்டம் எல்லாம் சின்ன விஷயமாகிவிடும். சவூதியிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய கெடுபிடி உண்டு. தவிர, இவை வாரக்கணக்கில் விழுங்க வேண்டியவை இல்லை; பழக்கமாகிவிடும். மனநல மருத்துவர்கள் பதட்டத்துக்கு நீண்டகாலம் கொடுப்பது பெரும்பாலும் எஸ்சிட்டலோப்ராம் போன்ற வேறு வகை. அது வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்ப நாட்களில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

“இங்கே இருந்தே தமிழில் பார்க்கலாமா?” என்று இங்கிலாந்தில் இருக்கும் பாளையங்கோட்டை நர்ஸ் ஒருவர் கேட்டார். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே, அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் பேச்சுச் சிகிச்சைக்குத் தானே பதிந்துகொள்ளலாம். அவர் வேலை பார்ப்பதே அந்த என்ஹெச்எஸ்தான். “வார்டுல நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுறேன். ஆனா எனக்குப் பயம் தமிழ்லதான் வருது” என்றார். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தாய்மொழியில் பேசுவதன் பலம் உண்மை. ஆனால் வரம்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த நம் டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள், இந்தியாவுக்கு வெளியே இருக்கிற நோயாளிகளுக்கான ஆலோசனையைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் சிகிச்சையாளருக்கு அந்தந்த மாநில உரிமம் வேண்டும். அதனால் மருந்தும் அவசரமும் அந்த ஊர் டாக்டரிடம் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. முதல் அமர்விலேயே எந்த ஊர், எந்தத் தெரு, ரூம்மேட் நம்பர் என்ன என்று கேட்டுவிடுவேன். நள்ளிரவில் ஒருவர் “வாழவே பிடிக்கல” என்று டைப் செய்தால், பாளையங்கோட்டையில் இருந்து நான் ஓட முடியாது. அந்த நேரத்துக்கான உதவி எண்கள் இவை: சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும். இங்கே இருக்கும் குடும்பத்தாருக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

ஆன்லைனில் யாரைத் தேர்ந்தாலும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவெண் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் நமக்கு வேண்டாம். ‘ஏழே நாளில் பதட்டம் போகும்’ என்று விற்கிற ‘மைண்ட் கோச்’கள் நம் ஊரிலும் முளைத்திருக்கிறார்கள். பேனிக்குக்கு எனக்குப் பத்துப் பன்னிரண்டு அமர்வு ஆகிறது, சிலருக்கு அதற்கு மேலும்.

தம்பிக்குப் பதினான்கு ஆனது. கடைசி அமர்வு முடிந்த மறுவாரம் உம்மா எனக்குக் கூப்பிட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் சின்ன விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்களாம். ஒப்பந்தப்படி சாச்சா அன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டாராம்.

“ஏழரைக்கு அவனும் கூப்பிட்டான் டாக்டரம்மா. வலிக்கான்னு கேட்டான், எப்ப கட்டுப் பிரிப்பாங்கன்னு கேட்டான், டூட்டிக்கு நேரமாச்சுன்னு வச்சிட்டான். ரெண்டே கேள்விதான். என் மேல கோவமா இருக்கானோ?”