தெரு உணவில் தெரு எங்கே?

தங்கை மகன் ஒரு மாதம் முதுகில் ஒரு பையோடு பினாங்கு, பாங்காக், ஹனோய் என்று சுற்றிவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பினான். போன இடமெல்லாம் ஒரு கையில் செல்போன், மறு கையில் ஏதாவது ஒரு தட்டு. வீடியோக்களை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம். பினாங்கு தெரு உணவு, ஹனோய் தெரு உணவு என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். போன வாரம் கூட்டாளிகளோடு போய் மீன் வறுவல் தின்றதையும் எடுத்துப் போட்டான்: "தனுஷ்கோடி தெரு உணவு". அதற்கு மேல் பொறுக்கவில்லை. தனுஷ்கோடியில் தெரு ஏதடா? 1964 டிசம்பர் புயலில் ஊரோடு தெருவும் போயிற்று. இப்போது இருப்பது மணல், கீற்றுக் கொட்டகை, எண்ணெய்ச் சட்டி, அதில் விளமீனும் கணவாயும்.

தெரு உணவு என்பது ஆங்கில 'ஸ்ட்ரீட் ஃபுட்'டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கில 'ஸ்ட்ரீட்', கல் பாவிய வழியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெரு நம்முடையது, மலையாளத்தில் தெருவு, தெலுங்கிலும் வழிக்குத் தெருவு. உணவு 'உண்' என்ற வேரில் பிறந்தது. இரண்டிலும் குற்றமில்லை. ஒட்டவைத்த இடத்தில்தான் கோளாறு.

நாம் சாப்பாட்டுக்கு அடைமொழி வைக்கும் முறையைப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு, கடைச் சாப்பாடு, கல்யாணச் சாப்பாடு. யார் ஆக்கினார்கள், யார் பரிமாறினார்கள் என்பதுதான் முன்னால் நிற்கும். தெரு எதையும் ஆக்குவதில்லை. அது முன்னால் வந்தால் பெரும்பாலும் கேட்பாரற்றது என்ற வாடையும் கூடவே வரும். தெருநாய், தெருச்சண்டை, 'குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது'. தெரு உணவு என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறவில்லை. யாரோ தூக்கிப் போட்டதைப் பொறுக்கித் தின்கிற நினைப்புத்தான் வருகிறது.

"அப்ப தெருக்கூத்து மட்டும் எப்படி மாமா?" என்றான் மருமகன். நல்ல கேள்விதான். கூத்துக்குத் தெருதான் மேடை. தெருவை எடுத்துவிட்டால் அது வேறு கூத்து. சாப்பாடு அப்படியில்லை. அவன் ஆகா ஓகோ என்று புகழ்ந்த சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1971 முதல் 1986 வரை அங்கே தெருவில் விற்றவர்களை எல்லாம் கூரை போட்ட நிலையங்களுக்கு மாற்றிவிட்டார்கள். தெரு போய்விட்டது, ஆனால் சட்டியும் கைப்பக்குவமும் விற்கிறவரும் போகவில்லை. அந்தப் பண்பாட்டைத்தான் 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 'ஸ்ட்ரீட் ஃபுட்' என்பதற்கு ஆங்கிலத்தில் தந்த விளக்கமும் இதைத்தான் சொல்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பயிலரங்கு 1986இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்தபோது, உடனே உண்ணும்படி விற்பனையாளர்கள் தயாரித்து விற்கும் உணவும் பானமும் என்றுதான் வகுத்தார்கள். தெருவும் அதுபோன்ற பொது இடங்களும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கத்தைப் படிக்க நேரமில்லை. இரண்டு சொல்லைப் பார்த்தார், இரண்டு சொல்லை வைத்தார்.

மற்றவர்களும் விற்கிற விதத்தை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். பினாங்கில் நாசி கண்டார் என்று ஒன்று. (நாசி என்றால் மூக்கு இல்லை, மலாயில் சோறு.) கண்டார், தோளில் கட்டை வைத்து இரு பக்கமும் தொங்கவிட்டுச் சுமப்பது. அங்கே போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தூக்கி விற்றதால் வந்த பெயர். தோளில் சுமப்பதற்கு நம்மிடம் 'காவுதல்' இருக்கிறது, காவடி அதிலிருந்துதான். அதை வைத்துக் காவடிச் சோறு என்று அவன் எழுதியிருந்தால் தூக்கிக் கொண்டாடியிருப்பேன். நம் பழந்தமிழிலும் இப்படித்தான். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்பவர் காழியர், அப்பம் விற்பவர் கூவியர். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் மோதகத்தோடு கூவியர் தூங்கி வழிகிறார்கள். ஆளுக்குத்தான் பெயர்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? சாலையோர உணவு என்கிறார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் சாலையோர வியாபாரிகளைப் பார்த்து வந்தது போலிருக்கிறது. வியாபாரிக்குப் பொருந்தும், உணவோடு சேர்ந்தால் புழுதிதான் நினைவுக்கு வரும். தின்பண்டம் நல்ல சொல், ஆனால் நூடுல்சும் சோறும் வயிறு முட்டத் தின்பதற்குப் போதாது. சிங்கப்பூர்த் தமிழர்கள் உணவங்காடி என்று அழகாக வைத்திருக்கிறார்கள். பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று கண்ட மொழி அல்லவா! ஆனால் எங்கள் ஊரில் அங்காடி என்றால் ரேஷன் அரிசிதான்.

இதற்கெல்லாம் பதில் தெருவிலேயே கிடக்கிறது. ரோட்டுக்கடை என்று சொல்லாதவர் உண்டா? அதை எழுத்தில் தெருக்கடை என்று வைத்துக்கொண்டால் போதும். வயிறு நிறைந்தால் தெருக்கடைச் சாப்பாடு, கொறித்தால் தெருக்கடைப் பண்டம். நடுவில் ஒரு 'கடை' வந்ததும் ஆக்கிய ஆள் வந்துவிடுகிறார், அடுப்பு வந்துவிடுகிறது, கேட்பாரற்ற வாடை போய்விடுகிறது. மலாய்க்காரர்களே இந்தச் சொல்லை நம்மிடமிருந்து வாங்கி 'கெடாய்' என்று வைத்துக்கொண்டார்கள். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை நாம் அந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொண்டதற்குக் கணக்கு நேராகிவிட்டது.

அவன் தலைப்புகளில் இது மட்டுமா? "உள்ளூர்ச் சுவைகளைக் கண்டறிந்தேன்." கண்டறிவது நோயை. சுவையை ருசி பார்ப்பார்கள். தன்னை 'முதுகுப்பைப் பயணி' என்று வேறு போட்டிருக்கிறான். ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குத் தேசாந்திரி என்று ஒரு பெயர் இருக்கிறதே. வடசொல்தான், தனித்தமிழ்க்காரர்கள் முகம் சுளிக்கட்டும். புரிகிற கடன்சொல், புரியாத சொந்தச் சொல்லைவிட எனக்கு உசத்தி. தெரு உணவுக்கு 'ஸ்ட்ரீட் ஃபுட்' என்றே எழுதித் தொலைத்திருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவனும் லேசில் விடவில்லை. "பஸ் ஸ்டாண்டில் சாக்கை விரித்துப் பனங்கிழங்கு விற்கிற அம்மாவுக்குக் கடை ஏது மாமா?" என்றான். சாக்கை விரித்தாலே கடை விரித்தாயிற்று, கடை போட்டாயிற்று. அதற்குச் சுவரும் கூரையும் தமிழ் கேட்பதில்லை. ஆனால் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவிப்போகிறவர் எங்கேயும் உட்காருவதில்லையே, அவருக்கு என்ன என்று மடக்கினான். மதுரைக்காஞ்சியில் 'திரிவிலைஞர்' உண்டு, திரிந்து விற்பவர். அதைச் சொன்னேன். "இதை வீடியோவில் போட்டால் ஒருத்தன் பார்ப்பானா மாமா?" என்று சிரித்தான். தனுஷ்கோடித் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறான்: "தனுஷ்கோடி மீன் கடைகள்".