காற்றின் தரவரிசை சொல்லாத ஆபத்து

2005 ஆகஸ்ட் 28 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மணிக்கு 280 கி.மீ. வேகக் காற்றுடன், ஒன்று முதல் ஐந்து வரை செல்லும் சஃபிர்–சிம்சன் தரவரிசையின் உச்சமான ஐந்தாம் தரத்தில் இருந்த கத்ரீனா சூறாவளி, மறுநாள் அமெரிக்கக் கரையைக் கடந்தபோது மூன்றாம் தரத்துக்கு வலுவிழந்திருந்தது. ஆயினும் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியன் பகுதியில் கடல் ஏறக்குறைய 8.5 மீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. 1969இல் அதே கரையை ஐந்தாம் தரத்திலேயே தாக்கிய கமீல் சூறாவளிகூட இவ்வளவு நீரைக் கொண்டுவரவில்லை. கமீலின்போது நீர் எட்டாத வீட்டில் இருக்கிறோம் என்று நம்பி, கத்ரீனாவின்போது வெளியேற மறுத்தவர்கள் பலர்.

சூறாவளிக்கு எரிபொருள் வெப்பமான கடல்தான். மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால், ஆவியாகி மேலெழும் ஈரம் குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உயர்த்துகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அங்கே பாய்ந்து வரும் காற்றைப் புவியின் சுழற்சி வளைத்துவிடுகிறது.

மையத்தின் குறைந்த அழுத்தமே கடலை உறிஞ்சித் தூக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரை கடக்கையில் கத்ரீனாவின் மைய அழுத்தம் 920 ஹெக்டோபாஸ்கல். அதாவது இயல்பைவிட ஏறக்குறைய 93 குறைவு. இந்தக் கணக்கில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. மீதியில் பெரும்பங்கு காற்று தள்ளிய நீர். ஆழ்கடலில் அவ்வாறு தள்ளப்படும் நீர் அடியில் திரும்பிச் செல்ல வழியுண்டு. மிசிசிப்பிக் கரையோரம் போல ஆழம் குறைந்து நெடுந்தொலைவு நீளும் கடலடியில் அதற்கு இடமில்லை, ஆகவே நீர் கரைமீது ஏறுகிறது. கத்ரீனா கமீலைவிட மிகவும் அகலமானது என்பதால், நீண்ட கடற்பரப்பை நெடுநேரம் தள்ளியது. கடைசி நேரத்தில் காற்று தணிந்தாலும், ஏற்கெனவே தள்ளப்பட்ட நீர் அதே வேகத்தில் தணிவதில்லை. வட அரைக்கோளத்தில் புயல் செல்லும் திசைக்கு வலப்புறமே காற்று கரையை நோக்கி வீசும் என்பதால், நீர் அங்கேதான் அதிகம் குவியும்.

சஃபிர்–சிம்சன் தரவரிசை காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. முன்பு அதனோடு சேர்த்துத் தரப்பட்ட கடல்மட்ட அளவுகள் 2010இல் நீக்கப்பட்டன. என் கருத்தில் அது காலம் கடந்து வந்த நல்ல முடிவு. 2017 முதல் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் கடல்நீர் உட்புகும் அபாயத்துக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது.

எனவே அந்தக் கடற்கரையில் வாழ்பவர் முதலில் அறிய வேண்டியது புயலின் தர எண் அன்று, தம் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் (மக்களை வெளியேறச் சொல்வதற்காக அதிகாரிகள் பிரித்துள்ள பகுதி) உள்ளது என்பதே. மையம் கரைக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே தாழ்வான சாலைகளில் நீர் ஏறிவிடக்கூடும். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீர் ஓர் ஆளைச் சாய்த்துவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்றுவிடும். வெளியேற முடியாமல் சிக்கியவர்கள், கூரையைப் பிளந்து வெளிவர வழியில்லாத மூடிய பரணில் ஏறக் கூடாது; கத்ரீனாவின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவ்வாறு ஏறிய பலர் அங்கேயே அகப்பட்டுக்கொண்டனர். புயல் கடந்த பின் மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ இயக்குவதும் உயிரைப் பறிக்கும்; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால், ஜெனரேட்டரைக் கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும்.