தற்பேணல்

கர்ப்பகால நீரிழிவு பற்றிச் சேலம் வட்டாரத்தில் கைமாறும் துண்டறிக்கைகளில் ‘சுய சிகிச்சை செய்துகொள்ளுங்கள்’ என்ற வரி மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. ‘செல்ஃப் கேர்’ என்பதற்கு யாரோ கண்ட தமிழ். சுய, சிகிச்சை இரண்டும் வடசொல் என்பதல்ல என் புகார். பொருளே தலைகீழ்.

சுய சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது. தமிழறிந்த எவருக்கும் அதுதான் பொருள். மருத்துவரைப் பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிவர வேண்டிய ஏற்காட்டுக் கர்ப்பிணி இதைப் படித்தால் என்ன நினைப்பாள்? இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கலாம், மாமியாரின் சர்க்கரை மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிக்கையே அனுமதித்துவிட்டதே! சொல்ல வந்ததோ வேறு. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து நோட்டில் குறிப்பது. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. ஜவ்வரிசிப் பாயசத்தைத் தள்ளிவைப்பது (ஊர்ப் பெருமைதான், ஆனால் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து). இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரை கரைத்துக் குடிப்பது. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

‘சுய பராமரிப்பு’ ஆபத்தில்லாதது. ஆனால் பராமரிப்பு என்றதும் மின்தடை அறிவிப்புதான் காதில் ஒலிக்கிறது. துணைமின் நிலையத்தைப் பராமரிக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பேணத்தான் வேண்டும்.

பேணுதல் பழந்தமிழ் வினை. அக்கறையோடு காப்பது, போற்றுவது. தன் + பேணல் = தற்பேணல், தற்பெருமை போல. 56-ஆம் குறளில் பெண் தன்னைக் காத்துக்கொண்டு கணவனைப் பேணுகிறாள். அந்தப் பேணுதலைக் கொஞ்சம் அவள் பக்கமும் திருப்பினால் வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கலைச்சொல்லாகத் தற்பேணல் இருக்கட்டும். துண்டறிக்கையில் ‘உங்கள் உடம்பைப் பேணிக்கொள்ளுங்கள்’ என்றாலே போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதோடு விடுவதில்லை. செவிலியரும் மருத்துவரும் உணவு ஆலோசகரும் செய்யும் உதவிக்கு அதே தாளில் ‘தொழில்முறை ஆதரவு’ என்று பெயர். தொழில்முறைக் குத்துச்சண்டை கேள்விப்பட்டிருக்கிறோம். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரை எந்த ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்? ‘மருத்துவத் துணை’ என்றால் யாருக்கும் விளங்கும். கடைசி வரி இன்னும் மோசம்: ‘பிரசவத்துக்குப் பின் 6 வாரங்களில் பின்தொடரவும்.’ யார் யாரைப் பின்தொடர்வது? குழந்தை பிறந்து 6 வாரம் ஆனதும் தாய் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, சர்க்கரை நின்றுவிட்டதா என்று மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் செய்தி. அதை அப்படியே எழுதினால் என்ன?