பிரைவசி: அந்தரங்கமா, தனியுரிமையா?

நலத்திட்டத்துக்காக மக்களிடம் வாங்கிய விவரங்களை யார் யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று ஓர் உறுப்பினர் அவையில் எழுந்து அமைச்சரைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது ‘டேட்டா பிரைவசி’ பற்றிய கேள்வி. தமிழில் அதை அந்தரங்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, தனிநபர் ரகசியம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. செல்போன் செயலியைத் திறந்தால் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று வருகிறது. இந்த மூன்றும் ஒரே பொருள் தருபவை அல்ல. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதற்கேற்றபடி அமைச்சர் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு கூடும், குறையும்.

வேரிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘பிரீவுஸ்’ என்றால் தனியான, தனக்கே உரிய என்று பொருள். அதன் வழியில் வந்த ‘பிரீவாட்டுஸ்’ அரசுப் பதவி எதிலும் இல்லாத ஆளைக் குறித்தது. பிரைவேட், பிரைவசி இரண்டும் அந்த வழியில் வந்தவை. அதே ‘பிரீவுஸ்’ஸோடு சட்டம் என்று பொருள்படும் ‘லெக்ஸ்’ சேர்ந்து பிறந்ததுதான் பிரிவிலேஜ். அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் உறுப்பினர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 105வது பிரிவும் சட்டமன்றத்துக்கு 194வது பிரிவும் தரும் இந்தப் பாதுகாப்பைத் தமிழில் சிறப்புரிமை என்கிறோம். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது தனிநபர் மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது இந்த வகையில்தான். அங்கே ‘தனிநபர்’ என்பதற்கு அரசுப் பொறுப்பில் இல்லாதவர் என்றே பொருள். லத்தீன் சொல்லின் பழைய பொருளுக்கு மிக நெருக்கமாக வருவதும் இந்தப் பயன்பாடுதான்.

டேட்டா என்பதும் லத்தீன்தான். ‘தரப்பட்டவை’ என்று பொருள். தமிழில் அதற்கு வழங்கும் தரவு என்ற சொல்லும் தரு என்ற வேரிலிருந்தே வருகிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். கலைச்சொற்களில் இவ்வளவு அழகாகப் பொருந்துபவை குறைவு. எனக்கு இந்தச் சொல் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் தந்ததுதான் தரவு என்று சொன்னதுமே, தந்தவர் யார், எதற்காகத் தந்தார் என்ற கேள்விகள் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

கொங்குப் பக்கம் பேச்சில் தரவு வராது. விவரம்தான் வரும், அதுவும் வெவரமாக. மகளிர் உரிமைத் தொகைக்கு ரேஷன் கடைப் பக்கம் முகாம் போட்டபோது, “ஏங்கண்ணு, கரண்ட் பில்லு நம்பரெல்லாம் எதுக்கு?” என்று வயதான அம்மா கேட்டால், “விண்ணப்பத்துல கேட்டிருக்காங்கம்மா” என்று எழுதிக் கொடுக்கும் பெண் சொல்லும். பேச்சு அதோடு முடிந்துவிடும். விவரம் என்ற சொல்லில் குறை ஒன்றும் இல்லை. பேச்சில் அதையே வைத்துக்கொள்ளலாம். கணினியில் ஏற்றி, ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பதைத் தனியே சுட்டவேண்டிய இடத்தில் தரவு வேண்டும்.

இனி பிரைவசி. அந்தரங்கம் வடமொழிச் சொல். ‘அந்தர்’ உள்ளே, ‘அங்கம்’ உறுப்பு. அதற்கு எதிர்ச்சொல்லாக ‘பஹிர்’ சேர்ந்து பகிரங்கம் ஆயிற்று. அந்தரங்கம், பகிரங்கம் என்று இரண்டே அறைதான். ஒரு செய்தி உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிட்டிருக்கும். பழக்கத்தில் இந்தச் சொல் படுக்கையறையையும் குடும்பச் சண்டையையும் நினைவூட்டுகிறது. அதனால்தான் அந்தரங்கப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், “எனக்கு மறைக்க என்ன இருக்குதுங்க?” என்று நல்லவர்களே கேட்டுவிடுகிறார்கள். ரகசியம் என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான்.

உண்மையில் பிரச்சினை மறைப்பது பற்றியதே அல்ல. ரேஷன் அட்டை எண்ணும் மின் இணைப்பு எண்ணும் ஊருக்கே தெரிந்தவையாக இருக்கலாம். அவற்றை யார், எதற்கு, என் ஒப்புதலோடா ஒப்புதல் இல்லாமலா சேர்த்துப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னதும் இந்தத் திசையில்தான். வழக்குத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. பிரைவசி அரசியலமைப்பின் 21வது பிரிவின்கீழ் அடிப்படை உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை, அது இடத்தைச் சேர்ந்தது அல்ல, ஆளைச் சேர்ந்தது என்றும் விளக்கியது. அந்தரங்கம் என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

தனியுரிமை அடங்கும். தனி, உரிமை என்ற இரண்டு எளிய சொற்கள். எதிர்ப்பும் உண்டு. ஒரு பொருளைச் செய்யவோ விற்கவோ ஒருவருக்கு மட்டுமே உள்ள உரிமை என்ற பொருளிலும் தனியுரிமை வழங்கியிருக்கிறது. தனியுடைமையோடு குழப்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் ‘தரவுத் தனியுரிமை’ என்று முன்னொட்டுடன் எழுதும்போது அந்தக் குழப்பம் வராது. உரிமை என்ற சொல் உள்ளே இருப்பதுதான் முக்கியம். அந்தரங்கத்தைக் காப்பது அரசின் தயவு என்று படித்துக்கொள்ள இடம் உண்டு. உரிமையை அப்படிப் படிக்க முடியாது.

தமிழ் மரபில் இதற்கு ஒட்டிய ஒரு சிந்தனையும் உண்டு. அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி யாரென்று பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதலை ஊருக்குப் பாடலாம், பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. இன்றைய சட்டக் கருத்தும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் செய்தியை ஆளிடமிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்குத் தொகை போகிறது என்று அவையில் சொல்ல ஒருவர் பெயரும் தேவையில்லை.

உரிமை என்ற சொல்லை அரசே ஒரு திட்டத்தின் பெயரில் வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை உதவித்தொகை என்று பெயர் பெறவில்லை. நல்ல முடிவு. அந்தத் தொகை யாருக்கு என்று தீர்மானிக்கத் தொடக்கத்தில் வைத்த வரம்புகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்பயன்பாடு ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் குறைவாக. இதைச் சரிபார்க்க மின்வாரியக் கணக்கும் நிலப் பதிவேடும் ரேஷன் அட்டையும் ஒன்றாக வந்தாகவேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் காடாகக் கிடக்கும் மானாவாரி நிலம் ஏக்கர் கணக்கில் நிறைய இருக்கலாம். மழையில்லாத வருசம் அதில் மாட்டுக்குப் புல்லே பற்றாது. பதிவேட்டில் ஏக்கர் மட்டும்தான் இருக்கும். அதைக் கொண்டு ஒரு பெண்ணின் விண்ணப்பம் தள்ளப்பட்டால், எந்தத் தரவைப் பார்த்துத் தள்ளினீர்கள் என்று கேட்கவும், தவறென்றால் திருத்தச் சொல்லவும் அவருக்கு வழி வேண்டும். சமூகநலக் கொள்கையும் தரவுத் தனியுரிமையும் ஒரே கேள்வியாவது இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7வது பிரிவு, மானியம், சலுகை, சான்றிதழ் போன்றவற்றை வழங்க அரசு தரவைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஒரு சலுகைக்காக முன்பு தந்த ஒப்புதலைக் கொண்டு இன்னொரு சலுகைக்கும் பயன்படுத்தலாம். தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் வழிசெய்யும் 11, 12வது பிரிவுகளோ ஒப்புதலின் பேரில் தந்த தரவைப் பற்றியே பேசுகின்றன. தொகை மறுக்கப்பட்ட பெண்ணுக்கு இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது அவையில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒன்றிய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரவும் 17வது பிரிவில் இடம் இருக்கிறது.

இதே சட்டம் தனியுரிமை என்ற சொல்லை வேறொரு பக்கமும் திருப்பியிருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி முன்பு, பொதுச் செயலுக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலைத்தான் அதிகாரி மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் அதையும் தரவேண்டும். அந்தப் பிரிவின் கடைசியில் அருமையான ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது. கேள்வி கேட்கும் உறுப்பினரையும் அவரை அனுப்பிய வாக்காளரையும் ஒரே தட்டில் வைத்த வரி அது. புதிய சட்டத்தின் 44(3) பிரிவு, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கி, அந்த வரியையும் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது இந்தத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. மக்களின் தரவைக் காக்கும் பெரும்பாலான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம் தரப்பட்டது. அதிகாரிக்குக் கிடைக்கும் மறைப்பு முதலில், மக்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அப்புறம் என்ற இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் உறுப்பினரோ உதவியாளரோ சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது. எளியவர் தந்ததைப் பற்றிப் பேசும்போது தரவுத் தனியுரிமை. அரசு செய்வதைப் பற்றிப் பேசும்போது தகவல். கான்சென்ட் என்பதற்கு ஒப்புதல் என்று எழுதலாம். பேச்சில் சம்மதம் போதும். பயனாளி என்ற சொல்லைத் திட்டத்தின் செலவுக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தரவைப் பற்றிக் கேட்கும்போது தரவுக்கு உரியவர் என்று எழுதலாம். கேள்வி இப்படி அமையும்: உரிமைத் தொகைக்காகப் பெற்ற தரவுகள் வேறு எந்தத் துறைகளோடு பகிரப்பட்டுள்ளன? தரவுக்கு உரியவரின் ஒப்புதல் எந்த மொழியில், எந்த வடிவில் பெறப்பட்டது? விண்ணப்பம் மறுக்கப்பட்டவர், எந்தப் பதிவின் அடிப்படையில் மறுக்கப்பட்டார் என்பதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள மாவட்ட அளவில் என்ன ஏற்பாடு உள்ளது?