நெருப்புக் குதிரை எப்போது வரும்? சீன ராசியின் கணக்கு

1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்துக்கும் மேல். மறு வருஷம் அது 13.6 லட்சமாகச் சரிந்தது. 1967-ல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. 1966 நெருப்புக் குதிரை ஆண்டு, அவ்வளவுதான். அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று இங்கே சொல்லிச் சொல்லியே எத்தனையோ வரன்களைத் தட்டிக்கழித்தார்களே, அந்த வகையறா.

இந்தக் குதிரை சீனாவிலிருந்து போனது. சீன ராசியில் வானத்து நட்சத்திரங்களுக்கு வேலை குறைவு, எல்லாம் எண்ணிக்கைதான். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று ஆண்டுக்கு ஒன்றாக 12 விலங்குகள். கூடவே மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று 5 பூதங்கள். ஒவ்வொன்றுக்கும் யாங் (ஆண் தன்மை), யின் (பெண் தன்மை) என இரண்டிரண்டு ஆண்டு, ஆக 10. பத்துப் பல் சக்கரமும் பன்னிரண்டு பல் சக்கரமும் சேர்ந்து சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்தில் இரண்டும் மறுபடி சந்திக்க 60 ஆண்டாகும். நம் பிரபவ, விபவ வரிசைக்கும் அதே 60தான். ஆனால் அவர்களுடைய நடப்புச் சுற்று 1984-ல் தொடங்கியது, நம்முடையது 1987-ல்.

விலங்குகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் வம்சத்தார் ஆரூடம் பார்த்த எலும்புகளிலேயே இந்த அறுபது குறிகள் இருக்கின்றன, நாட்களை எண்ணுவதற்காக. விலங்குப் பட்டியலோ 1975-ல் ஹூபெய் மாகாணத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த மூங்கில் ஏடுகளில்தான் தென்படுகிறது. அதிலும் எல்லா விலங்கும் இன்றைய வரிசைப்படி இல்லை. வியட்நாமில் இன்றும் முயலின் இடத்தில் பூனை.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1966-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 10. மீதி 4 என்றால் எலி. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 10 குதிரை. பூதத்துக்குக் கடைசி இலக்கம் போதும்: 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர். ஆக, நெருப்புக் குதிரை.

தடுக்கி விழும் இடம் ஜனவரி. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டியது. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். 2025-ல் ஜனவரி 29. அந்த ஜனவரி 20-ல் பிறந்த குழந்தை பாம்பு அல்ல, முந்தைய ஆண்டின் டிராகன்.

2026-க்கும் மீதி 10, கடைசி இலக்கம் 6. சீனாவில் குதிரை பிப்ரவரி 17-ல்தான் வருகிறது. ஜப்பானோ 1873-லேயே ஆங்கில நாள்காட்டிக்கு மாறிவிட்டதால் அங்கே ஜனவரி 1-லேயே வந்துவிடும். அந்த ஜனவரியில் பெய்ஜிங்கில் பிறக்கும் பெண் பாம்பு. டோக்கியோவில் அதே நாளில் பிறப்பவள் நெருப்புக் குதிரை.