நிலச்சரிவு: மலைக்கு மட்டும் உரிய சொல்லா?

டிவியில் 'லேண்ட்ஸ்லைடு' என்ற செய்தி வந்தால், வடசென்னையின் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கும் நாம் அது ஊட்டி, கொடைக்கானல்காரர்களின் கவலை என்று விட்டுவிடுகிறோம். அதற்கான தமிழ்ச் சொல் நிலச்சரிவு. அதில் மலை எங்கேயும் இல்லை.

சரிதல் என்றால், நிலைத்து நின்றது பிடிமானம் இழந்து கீழே நழுவுவது. அதிலிருந்து வந்ததுதான் சரிவு. பனிச்சரிவும் விலைச்சரிவும் இதன் உறவு. சிலர் 'மலைச்சரிவு ஏற்பட்டது' என்று எழுதுகிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. மலைச்சரிவு என்றால் மலையின் சாய்வான பக்கம், அதாவது தேயிலை விளையும் இடம் என்றே பொருள்படும். நிகழ்ச்சியைக் குறிக்கப் பொதுச்சொல் நிலச்சரிவு. மண் மட்டும் நழுவினால் மண்சரிவு. இலங்கைத் தமிழில் எல்லாவற்றுக்குமே இதுதான் பெருவழக்கு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை அழித்தது போல நீரும் சேறும் பாறையும் கலந்து பாய்ந்து வந்தால் மலையாளிகள் 'உருள்பொட்டல்' என்பார்கள். உருள் நமக்கும் சொந்தமான வேர்தான். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் சரிகிறது? மழைநீர் மண்துகள்களின் இடைவெளியில் நிறையும்போது எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. சாலைக்கோ வீட்டுக்கோ அடிவாரத்தை வெட்டியிருந்தால் தாங்கவும் எதுவும் இருக்காது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டுக்குள் இருந்த 7 பேர் இறந்தார்கள்.

இதே காரணம் சமதரையிலும் வேலை செய்யும். வடசென்னையில் குழாய் பதிக்கவும் கால்வாய் கட்டவும் எந்நேரமும் பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கிறோம். மணலும் களிமண்ணும் கலந்த நிலம், கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கினால் மண் சரிந்து மூடிவிடும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமென்றால் முட்டு கட்டாயம் வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கவும் கூடாது. இதைக் கேட்காமல் ஒரு தொழிலாளியைக் குழிக்குள் அனுப்புவது பெரும் அநியாயம்.

குப்பை மேடும் சரியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பின் மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கொடுங்கையூர் குப்பை மேட்டுப் பக்கம் வசிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்பது வேறு விஷயம். அலை சிறுகச் சிறுக அறுத்துக்கொண்டு போவதால் அது கடல் அரிப்பு.

மழை மாதத்தில் குன்னூருக்கோ ஏற்காட்டுக்கோ போகிறீர்களா? புறப்படும் முன் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். சரிவுக்கு நேர் கீழே, ஓடையை ஒட்டி அறை எடுக்காதீர்கள். நிலத்தில் புது விரிசல், சாயும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, ஓடை நீர் சட்டென்று கலங்குவது அல்லது வற்றுவது, மேலிருந்து உறுமல் சத்தம்: இவற்றில் எது தெரிந்தாலும் பையைத் தேடாமல் கிளம்புங்கள். சரிந்து வரும் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போக வேண்டும். அதே பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. அப்புறம் தகவல் சொல்ல, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.